கட்டம் போட்ட சம்பந்தி

காலிங் பெல் அடித்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். மீனா அடுப்படியில் இருந்தாள். ஆகவே கதவைத் திறந்தவர் சுந்தரம் மச்சான்.

சுந்தரம், மீனாவின் அண்ணன். ஒரு காலத்தில் துபாயில் சைட் ஃபோர்மேனாக இருந்துவிட்டு ஊரோடு போனவர். எங்கள் பெண்ணின் கல்யாணத்துக்காகப் புதுக்கோட்டையிலிருந்து விசிட் விசாவில் வந்து, அஜ்மானில் எங்கள் ஃபிளாட்டின் சோபாவைக் கைப்பற்றியிருந்தார். அன்று லீவு நாள். மேலே பனியன், கீழே பச்சையும் சிவப்பும் கட்டம் போட்ட கைலி.

வாசலில் ஒரு வெள்ளைக்காரர் நின்றிருந்தார். சிவப்பில் பெரிய கட்டம் போட்ட கோட்டு. அதற்குள் பச்சையில் சின்னக் கட்டம் போட்ட வெயிஸ்ட் கோட்டு. இடுப்பிலிருந்து முழங்கால் வரை, மடிப்பு மடிப்பாக, நீலத்தில் ஒரு கட்டம். தோளில் மஞ்சள் கோடு ஓடும் நீளத் துணி, அதிலும் கட்டம். காலுறை வெள்ளையும் சிவப்பும். கட்டம்தான், ஆனால் சாய்த்து வெட்டியது.

இரண்டு கட்டக்காரர்களும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மச்சான், "நஹி சாஹியே பாய், கலாஸ்" என்று, எதுவும் வேண்டாம், அவ்வளவுதான் என ஹிந்தியும் அரபியும் கலந்து சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

இன்டர்நெட் கனெக்‌ஷன் விற்க மாலில் இருந்து வேஷம் போட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று அவர் நினைத்ததாகப் பிறகு சொன்னார். நினைப்பதற்கு நியாயம் இருந்தது. அஜ்மானில் கரடி வேஷம் போட்டுக்கூட விற்க வருகிறார்கள்.

மூடிய கதவுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் மரியாதையாகக் கேட்டது.

"பாய்... மே சம்பந்தி."

மீனா அடுப்பை அணைக்காமல் ஓடி வந்தாள். நான் பாதி சோப்போடு வந்தேன். அன்றைக்குச் சாம்பார் அடிப்பிடித்தது.

சம்பந்தி யார்?

அஜ்மானுக்கும் துபாய்க்கும் நடுவில் ரோட்டிலேயே என் வயது போன கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், "இத்தனை டிராஃபிக்கில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க எப்போது நேரம் கிடைத்தது?" என்று கேட்டிருக்கிறார். நான் பார்க்கவில்லை. பெண்ணே பார்த்துவிட்டாள்.

தாரிணி வேலை பார்த்த ஆபீசிலேயே வேலை பார்த்தவன் கேலம். பிறந்தது ஸ்காட்லாந்து, வளர்ந்தது முழுக்க துபாய். அவன் அப்பா இயன், இங்கே சைட் இன்ஜினியராக வந்து தலை நரைத்தவர். மனைவி காலமாகிப் பல வருடம். பையன் பக்கத்தில் மேடையேற அவரைத் தவிர வேறு ஆள் கிடையாது.

இயனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சைட்டிலேயே காலம் தள்ளிய எல்லோரையும் போல ஒரு ஹிந்தி வைத்திருந்தார். "சம்பந்தி" என்ற சொல்லைத் தாரிணி சொல்லிக்கொடுத்திருந்தாள். அன்று அதுதான் அவர் மானத்தைக் காப்பாற்றியது. எங்கள் மானம் போனது வேறு கணக்கு. எங்கள் பக்கத்தில் சம்பந்திக்குக் காபி ஆறிப்போய் வந்ததற்கே வருஷக்கணக்கில் பேசாமல் இருந்த குடும்பங்கள் உண்டு. நாங்கள் முகத்தில் கதவைச் சாத்தியிருந்தோம்.

இயன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சோபாவில் உட்கார்ந்து, மடிப்புகளை முழங்காலுக்கு மேல் சரிசெய்துகொண்டு, "கல்யாணத்துக்கு இதைத்தான் போட்டுக்கொள்ளப் போகிறேன். முன்னாலேயே காட்டிவிடலாம் என்று வந்தேன்" என்றார்.

நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் "வெரி குட்" என்றோம்.

ஒன்றுக்கொன்று சேராத அழகு

மீனாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புடவைக்கு பிளவுஸ் துணி எடுக்க அவளோடு நான் துபாய் மீனா பஜாரில் நடந்த தூரத்துக்கு ஊருக்கே நடந்து போயிருக்கலாம். அரக்கு நிறத்தில் இத்தனை வகை இருக்கிறது என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் அறிந்தேன். அவள் இயனைப் பார்த்துக்கொண்டே என் காதில் சொன்னாள்:

"என்னங்க, ஒண்ணுக்கொண்ணு மேட்ச்சே ஆகலையே. பாவம், வீட்ல பொம்பளை இல்லாத குறை தெரியுது பாருங்க."

இயன் போனில் ஒரு பழைய ஓவியத்தைக் காட்டினார். இருநூறு முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஆள் ஒருவர் மலையடிவாரத்தில் காலை முன்வைத்து நிற்கிறார். தலை முதல் கால் வரை கட்டம், ஒரு கட்டம்கூட இன்னொன்றோடு சேரவில்லை. முகத்தில் அதைப் பற்றிய கவலை சிறிதும் இல்லை.

"அப்போது இப்படித்தான் உடுத்தினார்கள். இன்ன குடும்பத்துக்கு இன்ன கட்டம் என்ற சட்டமெல்லாம் பின்னால் வந்தது. பிடித்த கட்டத்தை எடுத்தார்கள், போட்டுக்கொண்டார்கள். அரசாங்கம் இந்த உடையை ஒரு காலத்தில் தடைகூடச் செய்தது" என்றார் இயன்.

ஒரு உடையைத் தடை செய்யும் அளவுக்கு அரசாங்கத்துக்கு என்ன வந்தது என்று மச்சான் கேட்டார். கலகம் என்றார் இயன். மச்சான் அந்தக் கோட்டை மறுபடியும் மேலும் கீழும் பார்த்தார். கலகம் என்பதை அவரால் உடனே நம்ப முடிந்தது.

சம்பந்தி போனதும் மச்சான் கதவைத் தாழிட்டுவிட்டுச் சொன்னார்: "மாப்ள, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அந்தாளு கைலி கட்டிக்கிட்டு கல்யாணத்துக்கு வர்றேங்கிறாரு. கைலில கோட்டு, கைலில துண்டு, கைலில சாக்ஸு. நம்ம சனம் என்ன சொல்லும்?"

கயிற்றில் தொங்கிய கட்டங்கள்

மச்சானின் பயம் புரிய வேண்டுமானால் வளைகுடாவில் கைலிக்கு என்ன இடம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நான் முதலில் வேலைக்கு வந்தது கத்தாருக்கு. தோஹாவில் நஜ்மா ஏரியா பக்கம் ஒரு ரூம். பேச்சிலர்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தோம். டியூட்டி முடிந்து வந்தவுடன் எல்லோரும் செய்யும் முதல் காரியம் பேண்டைக் கழற்றிக் கைலிக்கு மாறுவது. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் பகல் முழுவதும் உழைத்தோம் என்று சொன்னாலும் தப்பில்லை. கைலி கட்டிய பிறகு விசா கொடுத்த கபீல் கிடையாது, சூப்பர்வைசர் கிடையாது, வெயில்கூட அடங்கிவிடும்.

பால்கனியில் ஒரு கயிறு. அதில் எல்லோருடைய கைலியும் தொங்கும். யாருடையது எது என்பதற்குக் கட்டம்தான் அடையாளம். ஊதாவில் சின்னக் கட்டம் என்றால் பரமக்குடிக்காரர். பழுப்பில் அகலக் கட்டம் என்றால் யாழ்ப்பாணத்து அண்ணன். அவர் அதைச் சாரம் என்பார், கைலி என்றால் முகம் சுளிப்பார். யாராவது ஊருக்குப் போய்விட்டால் கயிற்றில் அந்தக் கட்டம் இல்லாதது கண்ணில் படும். அப்போது ரூமே கொஞ்சம் வெறிச்சென்று இருக்கும்.

ஆனால் அந்தக் கட்டம் கதவைத் தாண்டக் கூடாது. பரமக்குடிக்காரர் ஒருமுறை குப்பூஸ் ரொட்டி வாங்க அதே கோலத்தில் கீழே இறங்கினார். போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, "இது வீட்டு உடை, போய் மாற்றிக்கொண்டு வா" என்று தன்மையாகத்தான் சொன்னார். பரமக்குடிக்காரர் குப்பூஸ் இல்லாமல் திரும்பி வந்து, அன்றிலிருந்து குளிக்கப் போகும்போதுகூடக் கதவுச் சந்தில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

எனவே எங்களுக்குக் கட்டம் என்றால் ரூம். வெள்ளை என்றால் கோயில், கல்யாணம், ஓட்டு கேட்க வருபவர். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை, யாரும் மீறியதும் இல்லை.

அவர் ஆட்களும் சிரித்தார்கள்

எங்கள் பக்கம் கைலி என்றார்கள். அவர் பக்கம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை. அடுத்த வாரம் இயனே சொன்னார்.

துபாயில் அவர் ஊர்க்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதில் போட்டோவைப் போட்டிருக்கிறார். முதலில் வந்தவை, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். பிறகு ஒருவர், "எங்கள் பாட்டி வீட்டு கர்ட்டன் காணாமல் போனது, இப்போதுதான் தெரிகிறது" என்றார். இன்னொருவர் சோபா என்றார். குரூப் தலைவர், அவரும் நல்ல மனிதர்தான், ஒரு விதிமுறை அனுப்பியிருந்தார். இடுப்புக்கு மட்டும் கட்டம், மேலே ஒரே நிறக் கோட்டு, விசேஷத்துக்குக் கறுப்பு. அதுதான் பாரம்பரியம், மற்றதெல்லாம் மாறுவேடப் போட்டி.

"அவர் சொல்லும் பாரம்பரியத்தைவிட என் கோட்டு வயதில் மூத்தது" என்றார் இயன். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அப்போதும் குரல் உயரவில்லை. டீயில் சர்க்கரை போட மறந்து கலக்கிக்கொண்டே இருந்தார்.

எனக்கு எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றின் சுவர் ஓவியங்கள் ஞாபகம் வந்தன. அங்கே ராஜாக்களும் அவர்கள் பரிவாரமும் இடுப்பில் பூப்போட்டது, கோடு போட்டது, கட்டம் போட்டது என்று கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வெள்ளை வேட்டி கட்டியவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த ராஜா இன்று எழுந்து வந்து புதுக்கோட்டைக் கல்யாண மண்டபம் எதிலாவது நுழைந்தால், பந்தியில் பரிமாற வந்தவர் என்று வாளியைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

இதை இயனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உங்கள் ராஜாவை எனக்குப் பிடிக்கிறது" என்றார்.

கேலம் கேட்டது

கேலம் ஒருநாள் ஆபீஸ் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். டை கூடக் கழற்றவில்லை. தாரிணி அவன் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் அவளுக்கு முன்பே தெரியும் என்று அர்த்தம்.

"அங்கிள், ப்ளீஸ். அப்பாவை அந்த டிரெஸ்ஸில் வர வேண்டாம் என்று நீங்கள் சொல்லுங்கள். கறுப்புக் கோட்டு இருக்கிறது. எல்லோரும் அதைத்தான் போடுவார்கள்" என்றான் ஆங்கிலத்தில்.

"ஏம்ப்பா, நீ சொல்லலாமே?"

"சொன்னேன். 'அப்படியானால் நான் பேண்ட் சட்டையில் வந்து கடைசி வரிசையில் உட்காருகிறேன், மேடைக்கு வரவில்லை' என்கிறார்."

பிறகு கதை வெளியே வந்தது. அவன் துபாயில் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, ஒவ்வொரு நாட்டுப் பெற்றோரும் தங்கள் உடையில் வரும் விழா ஒன்று. மற்ற பையன்களின் அப்பாக்கள் டீஷர்ட்டில் கொடி குத்திக்கொண்டு வந்தார்கள். இயன் இதே மாதிரி முழுக் கட்டத்தில் வந்து, மைக்கில் அந்த உடையின் வரலாற்றையும் சொன்னார். வரலாறு நீளம். அன்றிலிருந்து பள்ளி முடியும் வரை கேலமுக்குப் பெயர் பிஸ்கட் டப்பா. ஸ்காட்லாந்து பிஸ்கட் டப்பாக்களின் மேல் அந்தக் கட்டம்தான் அச்சடித்திருக்கும்.

"எனக்கு அப்பாவைப் பிடிக்கும், அங்கிள். ஆனால் அந்த டிரெஸ்ஸைப் பார்த்தாலே அந்தப் பெயர்தான் காதில் விழுகிறது. என் கல்யாணத்தன்றும் எல்லோரும் சிரிக்க வேண்டுமா?"

"அப்பா, யூ டாக் டு ஹிம். உங்க வயசுதானே அவரும்?" என்றாள் தாரிணி.

வயதா பிரச்சினை? நான் பெண்ணைப் பெற்றவன். பையனைப் பெற்றவரிடம் போய் இன்னது உடுத்து என்று சொல்வதா? எங்கள் பக்கத்தில் சம்பந்தி பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு வந்தாலும், ஃபேன் காற்று போதுமா என்றுதான் கேட்போம்.

ஆனால் மேடையில் பையன் பக்கம் ஒருவரும் இல்லாமல் போனால்? புதுக்கோட்டையிலிருந்து வரும் சனம் முதலில் கேட்கப்போவது, "மாப்பிள்ளையோட அப்பாவுக்கு இதுல இஷ்டமில்லையோ?" என்றுதான். அதன் பிறகு என் பெண் என்ன செய்தாலும் அந்தப் பேச்சு ஓயாது. அதைவிட, தன் ஒரே மகனின் கல்யாணத்தில் ஒரு மனிதர் கடைசி வரிசையில் உட்காருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

போனேன்.

ஆப்பிள் தட்டு

வெறுங்கையோடு போக முடியாதே. தாம்பாளத்தில் ஆப்பிள், வெற்றிலை, பத்திரிகை எல்லாம் வைத்துக்கொண்டு, முறைப்படி அழைக்க வந்தவனைப் போலத்தான் போனேன். இயன் வாங்கி மேசையில் வைத்தார். கல்யாண ஹாலின் பார்க்கிங் பற்றிப் பேசினோம். சாப்பாட்டில் காரம் குறைப்பது பற்றிப் பேசினோம். வெற்றிலையைச் சாப்பிடலாமா என்று கேட்டார். சாப்பிடலாம் என்றேன். கொஞ்சம் சாப்பிட்டார்.

"முத்து, பையன் அனுப்பினானா?" என்று அவரே கேட்டார்.

நான் ஆப்பிளைப் பார்த்தேன்.

"சம்பந்தி, எங்கள் ஆட்களுக்குக் கட்டம் என்றால் வீட்டில் கட்டுவது..." என்று ஆரம்பித்தேன். கைலியைப் பற்றி, ரூமைப் பற்றி, ஏதேதோ சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"நீங்கள் நல்ல மனிதர். உங்கள் ஆட்களைக் காரணம் சொல்கிறீர்கள்" என்றார். எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். இழுக்கத் தேவையே இல்லை, வெயில் அந்தப் பக்கம் இல்லை. "கலாஸ். கறுப்புக் கோட்டு. மேடையில் நிற்கிறேன். மாஃபி முஷ்கில், பிரச்சினை இல்லை."

வந்த காரியம் முடிந்துவிட்டது. லிஃப்டில் இறங்கும்போது எனக்குச் சந்தோஷம் வர வேண்டும் என்று எதிர்பார்த்தேன். தரைத் தளம் வரை வரவில்லை.

வீட்டில் சொன்னேன். கேலம் போனிலேயே நன்றி சொன்னான். தாரிணி கட்டிக்கொண்டாள். மச்சான், "அப்பாடா, கண்டம் தப்புச்சு" என்றார். மீனா மட்டும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசியில் சொன்னாள்:

"மொதல்ல கதவைச் சாத்தினோம். இப்ப போட்டிருந்த சட்டையையும் கழட்டச் சொல்லிட்டோம். நல்லா இருக்கு நம்ம சம்பந்தி மரியாதை."

அளவுச் சட்டை

எங்கள் பக்கக் கல்யாணங்களில், பெண் வீட்டார் மாப்பிள்ளையின் அப்பா அம்மாவுக்குப் புதுத்துணி எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். அவர்கள் அங்கேயே அதை மாற்றிக் கட்டிக்கொண்டு மேடைக்கு வர வேண்டும். கலர் பிடிக்கவில்லை, கரை சிறிது என்றெல்லாம் அந்த நேரத்தில் பேசக் கூடாது. பிறகு ஆயுள் முழுவதும் பேசிக்கொள்ளலாம்.

சம்பந்தி சட்டை தைக்க ஓர் அளவுச் சட்டை வேண்டும் என்று மீனா இயனுக்கு போன் போட்டாள். தையற்காரரிடம் அளவு கொடுக்கப் போகாமல் பழைய சட்டையைக் கொடுத்தனுப்புவது நம் வழக்கம். அவருக்கு அது புதுசு. மீனாவின் ஆங்கிலத்தை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "சார், சாம்பிள் டிரெஸ். யுவர் கரெக்ட் சைஸ். ஃபுல் செட், சார்."

உடம்புக்கு அளவெடுத்துத் தைத்ததாக இயனிடம் ஒன்றுதான் இருந்தது. கறுப்புக் கோட்டும் அதோடு கட்டும் கில்ட் என்ற மடிப்புப் பாவாடையும்கூடக் கடையில் ரெடிமேடாக வாங்கியவை. அவருடைய டிரைவர் ஒரு பெரிய பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். மீனா அதை பீரோவில் வைத்துப் பூட்டினாள். வேறு துணி எடுக்க அவள் கடைக்குப் போனதாக எனக்கு நினைவில்லை. கல்யாண வேலையில் நானும் கேட்கவில்லை.

பேண்டுக்குப் பின்வாசல்

சட்டப்படியான கல்யாணம் அபுதாபியில், ஏசி குளிர் உடம்பில் ஏறுவதற்குள் முடிந்திருந்தது. நம் முறைப்படி நடந்தது அஜ்மானில் ஒரு ஹோட்டல் ஹாலில், காலை முகூர்த்தம்.

இயனும் அவருடைய சிநேகிதர்களும் கறுப்புக் கோட்டு, கட்டம் போட்ட கில்ட் என்று விதிமுறைப்படி வந்து இறங்கினார்கள். வாசலில் நின்ற செக்யூரிட்டி அவர்களை நிறுத்தி, "பேண்டுவாலா பீச்சே சே, பாய்" என்று, பேண்டு வாத்தியக்காரர்கள் போகும் பின்வாசலைக் காட்டினார். இந்த ஹோட்டல்களில் கில்ட் கட்டி வருபவர்கள் புத்தாண்டுக்குப் பேக்பைப் வாத்தியம் ஊதுபவர்கள்தான். நான் ஓடிப் போய்க் கூட்டி வருவதற்குள் அவர்களில் பாதிப் பேர் கிச்சன் வழியாக உள்ளே போய், நாதஸ்வரக்காரரோடு இட்லி சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

இயன் எல்லோரையும் போல இருந்தார். கறுப்பில் நன்றாகவே இருந்தார். ஆனால் அந்தக் கூட்டத்தில் அவரைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது. கேலம் அவரைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்தான். அவரும் சிரித்தார்.

"சம்பந்தி மரியாதை கொண்டாங்கோ" என்றார் ஐயர்.

மீனா தட்டோடு வந்தாள். பழம், தேங்காய், பூ. நடுவில் மடித்து வைத்த சிவப்புக் கட்டம், அதற்கு மேல் பச்சைக் கட்டம், நீலக் கட்டம், மஞ்சள் கோடு. கோட்டின் உள்ளோரத்தில், புதுத்துணிக்கு வைப்பதைப் போலவே, மஞ்சள் தடவியிருந்தாள்.

முன் வரிசை எழுந்து எட்டிப் பார்த்தது.

"அம்மா! வாட் ஹேவ் யூ டன்?" என்றாள் தாரிணி, மாலைக்குள்ளிருந்து.

கேலம் மணையில் உட்கார்ந்தபடி முகம் சிவக்க, "அங்கிள், நாம் பேசி முடித்தோமே" என்றான் என்னிடம். எனக்கும் அதே கேள்விதான். நான் மீனாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தட்டை இயன் முன்னால் நீட்டி, தமிழிலேயே சொன்னாள்:

"அண்ணே, இது எங்க வீட்டு மரியாதை. மாத்திக்கிட்டு வாங்க."

இயனுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. கோட்டைத் தொட்டார். மகனைப் பார்த்தார். தட்டை வாங்காமல் நின்றார்.

எதிர்பாராமல் பேசியவர் சுந்தரம் மச்சான். கேலமின் காதருகே குனிந்து தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் திரட்டினார். "தம்பி, கேர்ள் ஹவுஸ் கிவ்விங் கிளாத். நோ சொல்லக்கூடாது. நீயும் சொல்லக்கூடாது, அவரும் சொல்லக்கூடாது. சொன்னா எங்களுக்குத்தான் அசிங்கம்." பிறகு இயனிடம் திரும்பி, "பெஹன்னு, பெஹனோ, சாப்" என்று போட்டுக்கொள்ளச் சொன்னார், மிக மரியாதையாக.

கேலம் அக்கினியையே பார்த்துக்கொண்டிருந்தான். இயன் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அதை உடுத்திக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது, முன் வரிசையில் இருந்த என் பெரியம்மா மகள், "ஏடி, மாப்பிள்ளையோட அப்பா ஜமீன் போலிருக்குடி" என்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒருவர் போனைத் தூக்கினார். இயனின் சிநேகிதர்களில் ஒருவர் மற்றவரின் விலாவில் இடித்தார். இயன் மேடையேறி, பையன் பக்கத்தில், தன் இடத்தில் நின்றார்.

தாலி கட்டி, ஏழடி வைத்து முடியும் வரை கேலம் ஒருமுறைகூட அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. இயன் மகனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். மீனா நிலைகுலைந்துபோனாள். "தப்புப் பண்ணிட்டேனாங்க?" என்று என் கையைப் பிடித்தாள்.

ஆசீர்வாதம்

"அப்பா கால்ல விழுந்து நமஸ்காரம் பண்ணிக்கோங்கோ" என்றார் ஐயர்.

இருவரும் விழுந்தார்கள். தாரிணி எழுந்துவிட்டாள். கேலம் எழவில்லை.

நேரம் போயிற்று. அவன் அப்பாவின் காலடியில் அப்படியே கிடந்தான். பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "வெள்ளைக்காரப் புள்ளைக்கு என்ன மரியாதை பாரு" என்றாள் பெரியம்மா மகள். போட்டோகிராபர் நெகிழ்ந்துபோய் இன்னும் கிட்டே வந்தார்.

நான் பக்கத்திலேயே நின்றதால் அவன் சொன்னது எனக்குக் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே சொன்னான்:

"டாட், இது கழன்றுவிட்டது. எழுந்தால் விழுந்துவிடும்."

பட்டு வேட்டி. வெல்க்ரோ வைத்த வேட்டி கௌரவக் குறைச்சல் என்று அசல் பட்டாக வாங்க வைத்தவர் மச்சான்தான். பெல்ட் கொடுக்க எல்லோரும் மறந்திருந்தோம்.

இயன் மேடையிலேயே முழங்கால் போட்டார். தன் தோள் துணியைப் பிடித்திருந்த வெள்ளி ஊசியை, உள்ளங்கை அகலம் இருக்கும் அது, உருவினார். ஆசீர்வதிப்பவரைப் போல மகன் மேல் குனிந்து, அவன் இடுப்பைச் சுற்றி வேட்டியை இழுத்து மடித்து ஊசியைக் குத்தினார். குழந்தையாக இருந்தபோது எத்தனை தடவை செய்திருப்பாரோ, கை தடுமாறவில்லை.

"கெட் அப், சன்" என்றார்.

கேலம் எழுந்தான். ஊசியை எடுத்துவிட்டதால் அவர் தோளிலிருந்த நீளத் துணி சரிந்து தரையில் கிடந்தது. ஹாலில் ஒருவர் சிரித்தார். கேலம் அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு குனிந்து துணியை எடுத்து, தட்டி, அப்பாவின் தோளில் போட்டான். குத்த ஊசி இல்லாததால் கையால் பிடித்துக்கொண்டான்.

"இந்தப் பக்கம் பாருங்க சார்" என்றார் போட்டோகிராபர்.

சுந்தரம் மச்சான் எங்கிருந்தோ ஓர் ஊக்கோடு மூச்சிரைக்க ஓடி வந்தார். "இந்தா தம்பி, இதைக் குத்தி விட்ரு."

கேலம் ஊக்கைப் பார்த்தான்.

"இட்ஸ் ஓகே, மாமா" என்றான்.

போட்டோகிராபர் கேமராவைத் தாழ்த்தினார். "சார், கையைக் கொஞ்சம் இறக்குங்க. ஃபிரேம்ல நல்லா இல்ல."

கேலம் இறக்கவில்லை.